மதுரையில் ஆறு வருடம் யுகேஜி டீச்சர், எடிசனில் உதவியாளர்: சிடிஏ எப்படி முடிப்பது?

மீனா_மதுரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் ஒரு நர்சரி பள்ளியில் ஆறு வருடம் யுகேஜி எடுத்தேன். பி.எஸ்சி. கணிதம், அப்புறம் பி.எட். வகுப்பில் 42 பிள்ளைகள். மார்ச் மாதத்துக்குள் எல்லோரும் நூறு வரை எழுதிவிடுவார்கள். கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்குக் கிடைக்கும் எச்-4 விசா என்பதால் இத்தனை நாளும் வீட்டில்தான் இருந்தேன். கணவருக்கு ஐ-140 (கிரீன் கார்டுக்காக அவர் கம்பெனி போடும் மனு) அனுமதி கிடைத்த பிறகு விண்ணப்பித்து, பிப்ரவரியில் ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை கைக்கு வந்தது. அடுத்த வாரமே எடிசனில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் ஒரு பிரீஸ்கூலில் போய்க் கேட்டேன். கைரேகை, பின்புலச் சோதனை எல்லாம் முடிந்து, மூன்று வயதுப் பிள்ளைகள் வகுப்பில் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார்கள். வாரம் நான்கு நாள், நாளுக்கு ஆறு மணி நேரம்.

போன வாரம் டைரக்டர் கூப்பிட்டு, "சிடிஏ முடியுங்கள், குரூப் டீச்சராக, அதாவது வகுப்பை நடத்தும் டீச்சராகப் போடுகிறேன்" என்றார். சைல்டு டெவலப்மென்ட் அசோசியேட் என்ற சான்றிதழ் என்று அப்புறம்தான் தேடித் தெரிந்துகொண்டேன். 120 மணி நேரப் படிப்பு, 480 மணி நேர அனுபவம், ஒரு கோப்பு, ஒருவர் வந்து பார்ப்பது, ஒரு தேர்வு என்று போட்டிருக்கிறது. படித்தவுடன் தலை சுற்றியது.

என் பி.எட். இதில் கழியுமா? மதுரை அனுபவத்தைக் காட்டலாமா? ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் இரண்டு வருடமாகத் தன்னார்வலராக இருக்கிறேன், அந்த மணி நேரம் சேருமா? இதற்கெல்லாம் மேலாக, என் ஆங்கிலம். பிள்ளைகளோடு பேசுவதில் கஷ்டமே இல்லை. பெரியவர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டால் தொண்டை அடைத்துவிடும்.

அங்கே வகுப்புக்குள் நுழைந்தால் 42 பேரும் எழுந்து நிற்பார்கள். இங்கே மேசை துடைக்கிறேன், கோட் ஜிப் போட்டுவிடுகிறேன். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் மறுபடியும் டீச்சராக வேண்டும் என்று மனது கிடந்து அடித்துக்கொள்கிறது. செய்து முடித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


எச்4_தோழன் எழுதியது:

சகோதரி, ஒரே ஒரு விஷயம். உங்களிடம் ஈஏடி இருக்கிறது, நல்லது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஈஏடி இல்லாமல் எச்-4-ல் இருக்கும்போது "480 மணி நேரத்தைச் சம்பளம் வாங்காமல் தன்னார்வமாகச் செய்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்டுவிடாதீர்கள். சிடிஏ கொடுப்பவர்கள் தன்னார்வ நேரத்தை ஏற்பார்கள். குடியேற்றச் சட்டத்தின் கணக்கு வேறு. சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலையை நீங்கள் சும்மா செய்தாலும் அனுமதியில்லாத வேலை என்ற பிரச்சினை வரலாம். வக்கீலைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

மீனா, உங்கள் அட்டை முடியும் தேதியை இப்போதே எழுதி வையுங்கள். முடிவதற்கு 180 நாள் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். சிடிஏ-வுக்காக உங்கள் வகுப்பைப் பார்க்கப் பார்வையாளர் வருகிற மாதமும் அட்டை முடிகிற மாதமும் ஒன்றாக வந்துவிடக் கூடாது.


பிஸ்கட்டவே_கவி எழுதியது:

மீனா, உங்கள் பதிவைப் படித்தவுடன் எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் திருச்சி. அங்கே நான்கு வருடம் எல்கேஜி எடுத்தேன், நானும் பி.எட். எனக்கு சிடிஏ 2023-ல் வந்தது. இரண்டு வயதுப் பையனை வைத்துக்கொண்டு, இரவு ஒன்பதரைக்கு மேல் உட்கார்ந்து படித்து முடித்தேன். உங்களாலும் முடியும்.

முதலில் கேட்டதற்குப் பதில். பி.எட். கழியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 120 மணி நேரமும் சின்னக் குழந்தைகளின் கல்வியைப் பற்றியதாக இருக்க வேண்டும், எட்டுப் பாடப் பகுதிகளில் ஒவ்வொன்றிலும் குறைந்தது 10 மணி நேரம் வர வேண்டும். பாதுகாப்பான சூழல், உடலும் அறிவும் வளர்வது, மனமும் பழகும் திறனும், பெற்றோரோடு உறவு, மையத்தை நடத்துவது, தொழில் நெறி, குழந்தையைக் கவனித்துக் குறித்துவைப்பது, குழந்தை வளர்ச்சியின் அடிப்படை என்று போகும். நாம் பி.எட்.-டில் படித்தது பெரிய பிள்ளைகளுக்கானது. ஆனால் அந்தச் சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருங்கள். குறைந்தது பள்ளி இறுதி முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு அவை உதவும், அதற்கு மேலும் உதவும்.

மதுரை அனுபவமும் சேராது. விண்ணப்பிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி மூன்று வருடத்துக்குள் செய்த 480 மணி நேரம்தான் கணக்கு. தமிழ்ப் பள்ளியும் சேராது. நீங்கள் பிரீஸ்கூல் பிரிவில் விண்ணப்பிப்பீர்கள், அதற்கு 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் குறைந்தது எட்டுப் பேர் இருக்கும் குழு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஏழு வயது, ஒன்பது வயது எல்லாம் கலந்திருப்பார்கள். விடுங்கள், உங்கள் கணக்கு சுலபமானது. வாரம் 24 மணி நேரம் என்றால் 20 வாரம். பிப்ரவரி கடைசியில் சேர்ந்திருந்தால், லீவு போனாலும், ஆகஸ்டுக்குள் முடிந்துவிடும். அதே காலத்தில் வாரம் ஐந்து மணி நேரம் படித்தால் 24 வாரத்தில் 120 முடியும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து சேரும்.

படிப்பை எங்கே எடுக்கிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். நான் மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு இணையத்தளத்தில் பணம் கட்டி முடித்தேன். கடைசியில் வந்த சான்றிதழில் "120 மணி நேரம்" என்று ஒரே வரி. எட்டுப் பகுதிக்கும் தனித்தனியாக எத்தனை மணி நேரம் என்று இல்லை. அதை வாங்க மூன்று வாரம் மின்னஞ்சல் எழுதினேன், தொலைபேசியில் யாரும் எடுக்கவில்லை. அந்த மூன்று வாரமும் தூக்கமே இல்லை. நீங்கள் பணம் கட்டும் முன்பே "பகுதி வாரியாக மணி நேரம் போட்டுத் தருவீர்களா, மாதிரிச் சான்றிதழ் ஒன்று காட்டுங்கள்" என்று கேளுங்கள். கருத்தரங்கில் உட்கார்ந்த நேரமும், தனி ஆள் ஒருவர் நடத்தும் பயிற்சியும் சேராது. அப்புறம் உங்கள் டைரக்டரிடம் வெட்கப்படாமல் கட்டணத்தில் உதவி கேளுங்கள். எங்கள் மையம் பாதி கொடுத்தது, ஒரு வருடம் அங்கேயே வேலை செய்வதாக நான் கையெழுத்துப் போட்டேன்.

இனி கோப்பு. எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான், எனக்கோ இதுதான் மிகவும் பிடித்தது.

அதில் ஒரு வார உணவுப் பட்டியல், ஒரு வாரப் பாடத் திட்டம், முதலுதவி மற்றும் குழந்தைகளுக்கான சிபிஆர் சான்றிதழ் எல்லாம் இருக்கும். சிபிஆர் வகுப்பை நேரில் போய், பொம்மையின் மார்பில் அழுத்திப் பழகுகிற இடத்தில் எடுங்கள். ஒன்பது கற்றல் செயல்பாடுகள் எழுத வேண்டும்: அறிவியல், மொழி, கலை, விரல் வேலை, ஓடியாடுவது, தன்னைப் பற்றிய எண்ணம், உணர்ச்சி, பழகுவது, கணக்கு. பத்துக் குழந்தைப் புத்தகங்களின் பட்டியல். பெற்றோருக்கு உதவும் இடங்கள், மொழிபெயர்ப்பு உதவி கிடைக்கும் இடம் உட்பட. உங்கள் மாநிலத்தில் குழந்தைக் கொடுமையை எப்படிப் புகார் செய்வது என்ற சட்டத்தின் சுருக்கம். நியூ ஜெர்சியில் டீச்சர், டாக்டர் என்று இல்லை, சந்தேகம் வந்த யாராக இருந்தாலும் புகார் செய்தாக வேண்டும். அதை எழுதும்போதுதான் எனக்கே தெரிந்தது. இவற்றோடு சிடிஏ வகுத்திருக்கும் ஆறு திறன்களுக்கும் ஆறு சிந்தனைக் குறிப்புகள், ஒவ்வொன்றும் 500 வார்த்தைக்குள். கடைசியாக, நீங்கள் எப்படிப்பட்ட ஆசிரியர் என்று இரண்டு பக்கத்துக்குள்.

விரல் வேலைக்கு நான் கோலம் எழுதினேன். கருப்புத் தட்டில் அரிசி மாவு, ஐந்துக்கு ஐந்து புள்ளி. மூன்று வயதில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவைக் கிள்ளி எடுப்பதே பெரிய வேலை, கோடு வர வேண்டியதில்லை. நான் வாசலில் போடும்போது என் மகன் பக்கத்தில் உட்கார்ந்து மாவைக் கிள்ளிக் கிள்ளிக் கொட்டுவான், அதிலிருந்து வந்த யோசனை. நம்மிடம் இருப்பதைக் கொண்டு போங்கள் மீனா. அந்த ஒன்பதையும் வேறு யாரோ எழுதியதைப் பார்த்துக் காப்பி அடிக்காதீர்கள்.

இதையெல்லாம் விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. கோப்பில் ஒரு குழந்தையைக் கவனித்து எழுதிய குறிப்பு ஒன்று வைக்க வேண்டும், பெயர் போடாமல். நான் முதலில் எழுதியதை எங்கள் வகுப்பின் தலைமை ஆசிரியைக்குக் காட்டினேன். இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருப்பவர். நான் எழுதியிருந்தது: "இந்தப் பையன் கூச்ச சுபாவம். யாரோடும் பேச மாட்டான். வட்டமாக உட்காரும் நேரத்தில் ஒத்துழைக்க மாட்டான்." அவர் படித்துவிட்டு, "இதில் நீங்கள் கண்ணால் பார்த்தது எது?" என்று கேட்டார். நான் திரும்பப் படித்தேன். ஒன்றுமே இல்லை. மூன்று வரியிலும் என் தீர்ப்புதான் இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் யோசித்தேன். சமத்து, சேட்டை, வாலு, அடம், அழுமூஞ்சி, ஊமைக்கோட்டான். நம் ஊரில் ஒரு குழந்தையைப் பார்த்த மறு நிமிடம் இதில் ஒரு சொல்லைச் சூட்டிவிடுகிறோம். பாசத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் சொல்லைச் சூட்டிய பிறகு நான் அந்தக் குழந்தையைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறேன். திருச்சியில் என் வகுப்பில் "மந்தம்" என்று நான் முடிவு கட்டிய ஒரு பெண் குழந்தையின் முகம் அன்று இரவு முழுவதும் வந்துகொண்டே இருந்தது. அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று ஒரு நாளும் நான் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து ஒரு சின்ன நோட்டை ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டேன். மணி, இடம், கை என்ன செய்தது, வாய் என்ன சொன்னது, அவ்வளவுதான். "10:12. ஆணிப் பலகை. ஒவ்வொரு ஆணியாக எடுத்துக் குத்துகிறான். உதடு அசைகிறது." இரண்டு நாள் கழித்து மறுபடி: "ஆணிப் பலகை. உதடு அசைகிறது." நான்காவது தடவை உதடு அசைகிறது என்று எழுதியபோதுதான் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் என்று தோன்றியது. முகத்தைப் பார்க்காமல், நானும் ஒரு பலகையை எடுத்துக் குத்திக்கொண்டு காது கொடுத்தேன். "ஏக், பே, த்ரண், சார்." பையன் குஜராத்தியில் எண்ணிக்கொண்டிருந்தான். பதினான்கு வரை தப்பில்லாமல் போனான். யாரோடும் பேச மாட்டான் என்று நான் எழுதிய பையன்!

மாலையில் அவன் பாட்டி கூட்டிப் போக வந்தார். எனக்குப் பத்து வரை சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல தமிழில் எழுதிக்கொண்டேன். மறுநாள் படி ஏறும்போது எல்லோருமாக ஆங்கிலத்தில் ஒரு தடவை, குஜராத்தியில் ஒரு தடவை எண்ணினோம். அவன் சத்தமாக எண்ணினான். என் கணக்குச் செயல்பாடு அதுதான். கோப்பில் அந்தக் குறிப்பையும் வைத்தேன்.

உங்கள் ஆறு வருடத்தை யாரும் தூக்கி எறியச் சொல்லவில்லை. 42 பேரை ஒரு அறையில் வைத்துக்கொண்டு ஒருவரும் விழாமல் பார்த்துக்கொண்டீர்களே, அந்தக் கண் எல்லோருக்கும் வராது. இங்கே உங்கள் வயதுக் குழுவில் பத்துப் பேருக்கு ஒரு ஆள். அதே கண்ணைப் பத்துப் பேர் மேல் வைத்தால் எவ்வளவு தெரியும் பாருங்கள். நூறு வரை எழுத வைப்பதை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மூன்று வயதில் பென்சில் பிடிப்பதற்கு முன்னால் களிமண் பிசைய வேண்டும், துணிக் கிளிப்பை அமுக்க வேண்டும், கம்பியில் தொங்க வேண்டும். இதை ஒத்துக்கொள்ள எனக்கு ஆறு மாதம் ஆனது.

பையன் எழுந்துவிட்டான். பார்வையாளர் வந்த நாளைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன்.


மீனா_மதுரை எழுதியது:

கவி அக்கா, அக்கா என்று கூப்பிடலாம் அல்லவா? உங்கள் பதிவைக் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன். "உதடு அசைகிறது" வந்தபோது எனக்குக் குரல் போய்விட்டது. எங்கள் வகுப்பிலும் தண்ணீர்த் தொட்டியை விட்டு நகராத ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். எல்லோரும் அவளை "அடம்" என்றுதான் சொல்கிறோம். நானும்தான்.

பார்வையாளரைப் பற்றி எழுதுங்கள். அவர் நம்மை ஃபெயில் ஆக்கிவிடுவாரா? அவரை யார் அனுப்புவார்கள்? என் பயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.


பிஸ்கட்டவே_கவி எழுதியது:

தாராளமாக அக்கா என்றே கூப்பிடுங்கள்.

அவரை பிடிஎஸ் (புரொஃபெஷனல் டெவலப்மென்ட் ஸ்பெஷலிஸ்ட்) என்பார்கள். யாரும் அனுப்ப மாட்டார்கள், பட்டியலில் தேடி நீங்களே பேசி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ஃபெயில், பாஸ் போடுவது அவர் வேலை இல்லை. அவர் பார்த்ததற்கு மதிப்பெண் போட்டு சிடிஏ கொடுக்கும் அமைப்பான, வாஷிங்டனில் இருக்கும் கவுன்சில் ஃபார் புரொஃபெஷனல் ரெகக்னிஷனுக்கு அனுப்புவார். தேர்வையும் இதையும் சேர்த்து அவர்கள்தான் முடிவு செய்வார்கள். அவர் வருவதற்கு முன்பே பெற்றோரிடம் கேள்வித்தாள் கொடுத்துத் திரும்ப வாங்கியிருக்க வேண்டும். வகுப்பின் எல்லாக் குடும்பத்துக்கும் கொடுக்க வேண்டும், பாதிக்கு மேல் திரும்பி வர வேண்டும். நான் பையில் போட்டு அனுப்பினேன், மூன்றே வந்தது. அப்புறம் மாலை ஐந்தரைக்கு வாசலில் பேனாவோடு நின்றேன். குளிரில் நின்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பாட்டி குஜராத்தியில் எழுதிக் கொடுத்தார், அவர் மருமகள் கீழே ஆங்கிலத்தில் எழுதினார்.

வருகை நாளில் நீங்கள் உதவியாளராக இருந்தாலும் அன்று தலைமை ஆசிரியர் மாதிரி வகுப்பை நடத்த வேண்டும். கோப்பைப் படிப்பார், இரண்டு மணி நேரம் மூலையில் உட்கார்ந்து பார்ப்பார், பிறகு உங்களோடு தனியாக உட்கார்ந்து பேசுவார்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். காலைச் சிற்றுண்டி முடிந்து வட்டமாக உட்கார்ந்திருந்தோம். நான் மூன்று வாரமாகத் தயாரித்த கதை நேரம். ஒரு பெண் குழந்தை விரிப்பின் நடுவில் வாந்தி எடுத்துவிட்டாள். ஒரு நொடி என் கண் மூலையில் இருந்த பார்வையாளரிடம் போனது. அப்புறம் அவரை மறந்துவிட்டேன். மற்றவர்களை ஜன்னல் பக்கம் நகர்த்தி உதவியாளரோடு பாடச் சொன்னேன், கையுறை போட்டேன், துடைத்தேன், கிருமிநாசினி அடித்தேன், குழந்தைக்கு உடை மாற்றினேன், அம்மாவுக்குத் தகவல் சொல்ல ஆபீசுக்கு ஆள் அனுப்பினேன், எல்லோருக்கும் கை கழுவினோம். கதை போயே போச்சு.

பேச உட்கார்ந்தபோது அவர் வாந்தியைப் பற்றியேதான் கேட்டார். இன்னொரு முறை நடந்தால் எதை மாற்றிச் செய்வீர்கள் என்று. எனக்கு ஆங்கிலம் தடுமாறியது, உண்மைதான். தமிழில் யோசித்து, மெதுவாகச் சொன்னேன்: "நான் முதலில் தரையைப் பார்த்தேன். முதலில் குழந்தையைப் பார்த்திருக்க வேண்டும். அவள் பயந்து நின்றாள், நான் துடைத்து முடிக்கும் வரை அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். அந்த உரையாடலில் நம் பலம் ஒன்று, வளர வேண்டிய இடம் ஒன்று, அதற்கு ஒரு இலக்கு என்று எழுத வேண்டும். இலக்கு எழுத எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஆகவே ஆங்கிலத்துக்காகப் பயப்படாதீர்கள். அவர் நம் உச்சரிப்பைத் தேடி வரவில்லை. புரியவில்லை என்றால் திரும்பக் கேளுங்கள், நிறுத்தி யோசியுங்கள். அதற்கெல்லாம் நேரம் இருக்கிறது.

தேர்வு பியர்சன் வியூ என்ற தேர்வு நிறுவனத்தின் மையத்தில். 65 கேள்வி, 1 மணி 45 நிமிடம், எல்லாம் தேர்ந்தெடுத்து எழுதுவது. சில கேள்விகளில் புகைப்படம் காட்டிக் கேட்பார்கள். கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது, வகையை மட்டும் சொல்கிறேன். இந்தச் சூழலில் ஆசிரியர் முதலில் என்ன செய்வார் என்பது மாதிரி வரும். நம் வளர்ப்பு அங்கே குறுக்கே நிற்கும். சண்டை போட்ட பிள்ளையை "சாரி சொல்லு" என்று சொல்ல வைப்பதற்கு நம் கை தானாகப் போகும். படித்த 120 மணி நேரத்தை நினைத்துக்கொண்டு அதைத் தாண்டிப் போங்கள். நான் அரை மணி நேரம் மிச்சம் வைத்து முடித்தேன்.

சான்றிதழ் மூன்று வருடத்துக்குத்தான் செல்லும். புதுப்பிக்க மறுபடி தேர்வு கிடையாது. 45 மணி நேரத் தொடர் படிப்பு, 80 மணி நேர வேலை, முதலுதவிச் சான்றிதழ், ஒரு பரிந்துரைக் கடிதம், தொழில் சங்கம் ஒன்றில் உறுப்பினராக இருப்பது, இவை போதும். காலாவதியாக விட்டால் மட்டும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். தேதியை விடாதீர்கள்.


ஜெர்சிசிட்டி_சாந்தி எழுதியது:

கவி சொன்னதெல்லாம் சரி. மீனாவுக்கு அதற்கு அப்பால் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை, மூன்று வருடம் வீணானது.

சிடிஏ உங்களை தனியார் மையத்தில் நல்ல இடத்துக்குக் கொண்டு போகும். அரசுப் பணத்தில் நடக்கும் பிரீஸ்கூலில் டீச்சராக அது போதாது. 1998-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் அபட் வழக்கில், மிக ஏழ்மையான மாவட்டங்களில் 3, 4 வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தரமான பிரீஸ்கூல் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ஜெர்சி சிட்டி, நியூவர்க், பாட்டர்சன், பெர்த் அம்பாய் எல்லாம் அதில் வரும். அங்கே வகுப்புக்கு அதிகபட்சம் 15 பிள்ளைகள், ஒரு டீச்சர், ஒரு உதவியாளர். அந்த டீச்சருக்குப் பட்டமும் பி-3 என்ற சான்றிதழும் வேண்டும். பிரீஸ்கூல் முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கான சான்றிதழ் அது. நான் இப்போது அப்படி ஒரு வகுப்பில் இருக்கிறேன். தனியார் மையச் சம்பளத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே முடியாது.

உங்களிடம் பட்டம் இருக்கிறது மீனா. சிடிஏ படிக்கும்போதே மதிப்பெண் பட்டியல்களை மதுரையிலிருந்து வரவழைத்து, இங்கே எந்தப் பட்டத்துக்குச் சமம் என்று பார்க்கும் மதிப்பீட்டுக்குக் கொடுங்கள். மூன்று வருட பி.எஸ்சி.-யை மட்டும் அனுப்பாதீர்கள், பி.எட்.-டையும் சேர்த்தே அனுப்புங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து உறை ஒட்டி வர வேண்டிய காகிதங்களுக்குத்தான் மாதக்கணக்கில் ஆகும். ஊரில் யாராவது போய் நின்றால்தான் நகரும். எனக்கு என் தம்பி நான்கு தடவை போனான்.

சிடிஏ வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இப்போது என் வகுப்பில் இருக்கும் உதவியாளர் சிடிஏ முடித்தவர். பட்டம் வாங்கி வந்த என்னைவிடக் குழந்தையைப் பார்க்கத் தெரிந்தவர். அவருக்கு என் சம்பளத்தில் பாதிகூட இல்லை என்பது எனக்கு ஒவ்வொரு மாதமும் உறுத்துகிறது. நீங்கள் இரண்டையும் வாங்குங்கள்.


மீனா_மதுரை எழுதியது:

சாந்தி அக்கா, கவி அக்கா, சகோ, மூவருக்கும் நன்றி. அப்பாவிடம் பேசிவிட்டேன், திங்கட்கிழமை பல்கலைக்கழகத்துக்குப் போகிறேன் என்றார். டைரக்டரிடம் கட்டணத்தைப் பற்றிக் கேட்டேன், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். படிப்புக்கு இரண்டு இடத்தில் மாதிரிச் சான்றிதழ் கேட்டு எழுதினேன், ஒருவர் அனுப்பினார், எட்டுப் பகுதியும் தனித்தனியாக இருக்கிறது.

நோட்டு வாங்கிவிட்டேன். இன்று எழுதியது:

"9:50. தண்ணீர்த் தொட்டி. மஞ்சள் குவளையில் மொண்டு நீலக் கிண்ணத்தில் ஊற்றுகிறாள். நிரம்பி வழிந்ததும் நிறுத்துகிறாள். கிண்ணத்தைக் கவிழ்க்கிறாள். மறுபடி ஊற்றுகிறாள். ஏழு தடவை. 'க்ளீன் அப்' பாட்டு ஆரம்பித்தது. குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். 'நாட் ஃபுல்' என்றாள்."

அக்கா, இதில் என் தீர்ப்பு ஏதாவது கலந்திருக்கிறதா?


பிஸ்கட்டவே_கவி எழுதியது:

ஒரு சொல்கூட இல்லை மீனா. அவள் "நாட் ஃபுல்" என்றபோது கிண்ணத்தில் தண்ணீர் எது வரைக்கும் இருந்தது? நாளைக்கு அதையும் பாருங்கள்.